விழாத கோல்கள்

இங்கிலாந்தில் கால்பந்துக்கென்று வருஷா வருஷம் தலையணை கனத்தில் ஒரு புத்தகம் போடுகிறார்கள். 1970-ல் ஆரம்பித்தபோது ராத்மன்ஸ் சிகரெட் கம்பெனியின் பேரில் வந்தது. 2003-ல் ஸ்கை டி.வி. பேருக்கு மாறியது. ஓடி ஓடி மூச்சு வாங்குகிறவர்களின் சாதனைகளை முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு சிகரெட் கம்பெனி தொகுத்து வழங்கியது தனி வேடிக்கை. அதை விடுங்கள்.

இந்த மாதிரிப் புத்தகங்களில் ஒரு ஆட்டக்காரரின் மொத்த வாழ்க்கையும் ஒன்றிரண்டு வரிகளில் முடிந்துவிடும். வருஷம், கிளப், எத்தனை ஆட்டம், எத்தனை கோல். நாலே கட்டம். ஃபார்வர்டு ஆடுகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு பரம சௌகரியம். '300 ஆட்டம், 140 கோல்' என்றால் ஆசாமி எப்பேர்ப்பட்டவர் என்று ஆட்டத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம். இப்போது அதே கட்டங்களில் ஒரு டிஃபெண்டரைப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு '400 ஆட்டம், 9 கோல்' என்று வைத்துக்கொள்வோம். என்ன தெரிகிறது? பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரு மனுஷன் ஓடினான், ஒன்பது தடவை வழி தவறி எதிர்ப்பக்கம் போய்விட்டான் என்பதுதான் தெரிகிறது. அவன் வேலை கோல் போடுவது இல்லை. கோல் விழாமல் பார்த்துக்கொள்வது. விழாத கோலுக்குப் புத்தகத்தில் கட்டம் கிடையாது.

இதில் அவன் முழுநேர ஆட்டக்காரனாக இல்லாமல், வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை மட்டும் ஆடுகிற கீழ்மட்ட லீக் ஆசாமியாக இருந்துவிட்டால், அந்த ஒரு வரியும் போச்சு.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நாம் டி.வி.யில் பார்க்கும் பிரிமியர் லீகில் 20 கிளப்புகள். அதற்குக் கீழே மூன்று டிவிஷன்களில் 72. ஆக 92. நம் ஆட்களில் பலருக்கு இங்கிலாந்துக் கால்பந்து அந்த இருபதோடு முடிந்துவிடுகிறது. விஷயம் தெரிந்தவர்களுக்குத் தொண்ணூற்றிரண்டோடு. உண்மையில் அதற்குக் கீழேதான் பெரிய கூட்டம். மாடிப்படி மாதிரி லீகுக்குக் கீழே லீக், அதற்குக் கீழே இன்னொரு லீக், கடைசியில் ஊர்ப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை ஆடுகிறவர்கள் வரை. இந்தப் படிகளின் மேல்பகுதியில் ஆடுகிறவர்களில் நிறைய பேர் செமி-புரொஃபஷனல்கள். அரைத் தொழில்முறை என்று சொன்னால் அரைவேக்காடு மாதிரி கேட்கிறது. பகுதிநேரம் என்று வைத்துக்கொள்வோம். கிளப் வாரச் சம்பளம் கொடுக்கும். ஆனால் அதை நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது. எனவே பகலில் எலெக்ட்ரீஷியன், கொத்தனார், தபால்காரர், பள்ளிக்கூட வாத்தியார். வழக்கமாகச் செவ்வாய், வியாழன் சாயங்காலங்களில் பயிற்சி. சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம். வெளியூர் ஆட்டம் வாரத்தின் நடுவில் வந்தால் அரை நாள் லீவு சொல்ல வேண்டும்.

இந்த வாரம் நான் குறைசொல்லப்போவது இவர்களை அல்ல. இவர்களைப் பற்றி எழுதுகிறவர்களை.

ஸ்டூவர்ட் பியர்ஸ் என்று ஒரு லெஃப்ட் பேக். 1990-களில் கால்பந்து பார்த்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். முகத்தைப் பார்த்தாலே இரண்டடி தள்ளி நிற்கத் தோன்றும். ரசிகர்கள் செல்லமாக வைத்த பட்டப்பெயர் 'சைக்கோ'. 2000-ல் வந்த அவருடைய சுயசரிதைக்கும் அதுவேதான் தலைப்பு. இங்கிலாந்துக்காக 78 ஆட்டங்கள். 1990 உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியோடு பெனால்டி உதைத்தார்; கோல்கீப்பர் காலில் பட்டுத் திரும்பி வந்தது. 1996-ல் வெம்ப்ளியில் ஸ்பெயினோடு மறுபடி பெனால்டி. இந்த முறை போட்டுவிட்டு அவர் கத்திய கத்தலை இங்கிலாந்துக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

இதெல்லாம் எல்லோரும் எழுதினது. அதற்கு முந்தைய கதையையும் எழுதியிருக்கிறார்கள், எப்போதும் ஒரே மாதிரி. வடமேற்கு லண்டனில் வளர்ந்த பையன். குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப்பில் தேர்வுக்குப் போய்த் தேறவில்லை. வீல்ட்ஸ்டோன் என்ற கீழ்மட்ட கிளப்பில் சேர்ந்தான். பகலில் எலெக்ட்ரீஷியன். 1983-ல் கவென்ட்ரி சிட்டியின் மேனேஜர் பாபி கூல்ட் வந்து பார்த்தார். எட்டாவது நிமிஷம் பியர்ஸ் ஒரு டேக்கிள் போட, எதிரணி விங்கர் பறந்துபோய், கூட வந்திருந்த தன் மனைவியின் மடியில் விழாத குறை என்று கூல்ட் பிற்பாடு பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். பார்த்தது போதும், வீட்டுக்குப் போகலாம் என்று மனைவியைக் கிளப்பிவிட்டாராம். விலை 25,000 பவுண்ட் என்று சிலர், 30,000 என்று சிலர். அப்புறம் எல்லாமே ஏறுமுகம்.

நல்ல கதைதான். மடி விஷயத்தில் கொஞ்சம் மசாலா இருக்கலாம், தப்பில்லை. ஆனால் இந்தக் கதை என்ன காரியம் பண்ணுகிறது என்று கவனியுங்கள். பியர்ஸ் 1978-ல் வீல்ட்ஸ்டோனில் சேர்ந்தபோது பதினாறு வயது. கிளம்பியபோது இருபத்தொன்று. ஐந்து வருஷம். கதையில் அது எட்டு நிமிஷமாகச் சுருங்கிவிட்டது. நம் சினிமாவில் ஒரே பாட்டில் பால்காரர் பங்களா கட்டிவிடுகிற மாதிரி.

அந்த ஐந்து வருஷத்தில் என்ன நடந்தது? அங்கேதானே டிஃபெண்டர் உருவாகிறான்! பெரிய கிளப்பின் இளைஞர் அணியில் பதினாறு வயதுப் பையன் பதினாறு, பதினேழு வயதுப் பையன்களோடு மோதுவான். கீழ்மட்ட லீகில் எதிரே நிற்பது முப்பது வயது ஆள். ஒரு காலத்தில் பெரிய டிவிஷனில் ஆடி, முழங்கால் போய், மூளை மட்டும் மிச்சமிருக்கிற ஆளாகவும் இருக்கலாம். அவனுக்கு வேகம் கிடையாது. ஆனால் ரெஃபரி அந்தப் பக்கம் திரும்பும்போது முழங்கையை எங்கே வைக்க வேண்டும் என்று தெரியும். அவனிடம் அடி வாங்கித்தான் லெஃப்ட் பேக் வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். எப்போது முன்னே போகலாம், எப்போது பந்தை விட்டுவிட்டு ஆளைப் பார்க்க வேண்டும், சேற்றில் பந்து எவ்வளவு நின்று வரும் என்பதெல்லாம் சொல்லிக்கொடுத்து வருகிற சமாச்சாரம் இல்லை. பியர்ஸின் பிற்காலத் துணிச்சலைப் பக்கம் பக்கமாக வர்ணிக்கிறவர்கள், அது தயாரான பட்டறையை ஒரு பத்தியில் தாண்டிவிடுகிறார்கள்.

இன்னொன்று. கதை ஒழுங்காக அமைய வேண்டும் என்பதற்காக ஒரு தகவலை வேகமாகத் தாண்டுகிறார்கள். ஹல் சிட்டி என்ற லீக் கிளப் பியர்ஸைக் கூப்பிட்டது. அவர் மாட்டேன் என்றார். கவென்ட்ரி கூப்பிட்டபோதும் உடனே துள்ளிக் குதித்து ஓடவில்லை, தயங்கினார். ஏன் தயங்க மாட்டார்? கையில் தொழில் இருக்கிறது. வாரச் சம்பளமும் சனிக்கிழமைப் பணமும் சேர்ந்தால் சுமாராக வாழலாம். கால்பந்தில் முழங்கால் போனால் எல்லாம் போச்சு. ஒயரிங் வேலை அப்படிப் போகாது. 1985-ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு, பிரையன் கிளஃப் என்ற சிம்ம சொப்பனத்தின் கீழ் ஆடப் போனார். அப்போதும் மேட்ச் அன்றைக்கு விற்கும் நிகழ்ச்சி மலரில் தன் எலெக்ட்ரிக்கல் வேலைக்கு விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்தார். முதல் டிவிஷன் ஆட்டக்காரர், ரசிகர்களின் வீட்டு ஃபியூஸை மாற்றித் தருகிறேன் என்கிறார்!

இந்த விளம்பரத்தைப் பத்திரிகைக்காரர்கள் ஜோக்காகத்தான் எழுதுகிறார்கள். எனக்கு அது ஜோக்காகப் படவில்லை. கீழ்மட்டத்து டிஃபெண்டரின் மனசு முழுக்க அந்த விளம்பரத்தில் இருக்கிறது. இது எத்தனை நாளைக்கோ என்று உள்ளூரத் தெரிந்தவன் செய்கிற காரியம் அது. பந்து வரும் முன்பே அது எங்கே வரும் என்று யோசித்து, ஓர் அடி பின்னால் நிற்பதுதானே அவன் தொழில்?

சிண்டரெல்லா கதையில் சிண்டரெல்லாவுக்கு அரண்மனை வேண்டும். அரண்மனையிலிருந்து ஆள் வரும்போது 'சம்பளம் எவ்வளவு, யோசித்துச் சொல்கிறேன்' என்கிற சிண்டரெல்லாவை வைத்துக் கதை எழுத நம்மவர்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியவில்லை.

இந்தத் தயக்கத்துக்குச் சரித்திரம் உண்டு. 1961 வரை இங்கிலாந்தில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு உச்சவரம்புச் சம்பளம் இருந்தது. வாரம் 20 பவுண்ட். அதற்கு மேல் ஒரு பென்னி கொடுக்கக் கூடாது. லட்சக்கணக்கான பேர் டிக்கெட் வாங்கிப் பார்த்த நட்சத்திரங்களுக்கும் அதே இருபதுதான். ஜிம்மி ஹில் என்ற தாடிக்கார ஆட்டக்காரர் சங்கத் தலைவராக இருந்து, வேலைநிறுத்த மிரட்டல் விட்டு அதை ஒழித்தார். அதற்கு முன்னால் கையில் தொழில் இருந்த ஒருவனுக்கு, முழுநேரம் ஆடுவதைவிடப் பகலில் வேலை, சனிக்கிழமை ஆட்டம் என்று இருப்பது பல சமயம் லாபமாகவே இருந்தது.

இன்னொரு பக்கம் 'அமெச்சூர்' நாடகம். லண்டன் பக்கத்து இஸ்த்மியன் லீக் மாதிரியான இடங்களில், 1905-லிருந்து, காசுக்காக ஆடக் கூடாது என்பது சட்டம். காசு வாங்காமல் ஆடினார்களா? ஆட்டம் முடிந்து உடை மாற்றப் போனால் பூட்ஸுக்குள் நோட்டு இருக்கும். யார் வைத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பஸ்ஸில் வந்தவருக்கு டாக்ஸி செலவு. நம் சர்க்கார் டி.ஏ. பில்களைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. ஊருக்கே தெரிந்த இந்த ரகசியத்துக்கு 1974-ல் கால்பந்துச் சங்கம் முடிவு கட்டியது. இனி அமெச்சூர், தொழில்முறை என்ற பேதமே இல்லை, எல்லோரும் வெறும் ஆட்டக்காரர்கள் என்று அறிவித்துவிட்டது. அமெச்சூர் கோப்பையும் அந்த வருஷத்தோடு நின்றது. இதன் விளைவு ஒன்று முக்கியம். அதுவரை இந்த மனிதர்களின் வருமானம் எந்த ஏட்டிலும் கிடையாது. வாழ்நாள் பூரா பகுதிநேரம் ஆடியவன், நான் இதைத் தொழிலாகச் செய்தேன் என்று நிரூபிக்க ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் போய்ச் சேர்ந்தான்.

இந்தப் பின்னணியில்லாமல் 'எலெக்ட்ரீஷியன் இங்கிலாந்துக்கு ஆடினார்' என்று தலைப்புப் போட்டால், எலெக்ட்ரீஷியனாக இருந்தது ஏதோ துரதிர்ஷ்டம் மாதிரி ஆகிவிடுகிறது.

சரி, பியர்ஸ் மேலே போனவர். மேலே போகாதவர்களைப் பற்றி எழுதவே இல்லையா என்றால், எழுதுகிறார்கள். வருஷத்தில் ஒரே ஒரு மாதம். ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாவது சுற்று வரும். பெரிய கிளப்புகள் அப்போதுதான் போட்டியில் நுழையும். எங்கேயாவது ஒரு கீழ்மட்ட அணி ஒரு பெரிய அணியைத் தோற்கடிக்கும். மறுநாள் பத்திரிகை முழுக்கத் தச்சர், கொத்தனார், தபால்காரர். பிப்ரவரி பிறந்தால் மறந்துபோகும்.

1989 ஜனவரி 7. சட்டன் யுனைடெட் என்ற கீழ்மட்ட அணி, முதல் டிவிஷனிலிருந்த கவென்ட்ரியை 2-1 என்று தோற்கடித்தது. அதே கவென்ட்ரிதான். இரண்டு வருஷம் முன்பு, 1987-ல், அதே கோப்பையை ஜெயித்த அணி. சட்டனின் மேனேஜர் பாரி வில்லியம்ஸ் ஆங்கில வாத்தியாராக இருந்தவர். வெற்றி கோலைப் போட்ட மாத்யூ ஹான்லன் கொத்தனார். பத்திரிகைக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? செங்கல், சிமென்ட், மேஸ்திரிக் கரண்டி என்று சிலேடையிலேயே ஒரு வாரம் ஓட்டிவிட்டார்கள்.

எனக்கு அந்த ஆட்டத்தில் பிடித்தவர் கேப்டன் டோனி ரெய்ன்ஸ். டிஃபெண்டர். சட்டனின் முதல் கோல் இவருடையது. 42-வது நிமிஷம், கார்னரிலிருந்து வந்த பந்தைத் தலையால் தட்டினார். இன்றைக்கும் அந்த ஆட்டத்தைப் பற்றி எங்கே படித்தாலும் ரெய்ன்ஸ் பேர் வரும். எதற்காக? அந்தக் கோலுக்காக. வேடிக்கையைப் பாருங்கள்: ஒரு டிஃபெண்டரைச் சரித்திரம் ஞாபகம் வைத்துக்கொள்ள, அவர் தன் வேலையைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு வேறொருவர் வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது.

இடைவேளைக்குப் பின் கவென்ட்ரி ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. 59-வது நிமிஷம் ஹான்லன் சட்டனுக்கு மறுபடி முன்னிலை தந்தார். ஆட்டம் 90 நிமிஷம். மிச்சம் முப்பத்தொரு நிமிஷம். முதல் டிவிஷன் அணி, மானம் போகிறது என்று தெரிந்து, மொத்தமாக மேலே வந்து விழுகிறது. வாரம் இரண்டு சாயங்காலம் மட்டும் பயிற்சி எடுத்த கால்கள் அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். ரெய்ன்ஸும் கூட்டாளிகளும் அந்த முப்பத்தொரு நிமிஷம் என்ன செய்தார்கள்? எங்கே நின்றார்கள், யார் யாரைக் கத்தி இழுத்தார்கள், எந்தப் பந்தை வேண்டுமென்றே வெளியே உதைத்து நேரம் வாங்கினார்கள்? சட்டன் ஜெயித்தது அந்த அரை மணி நேரத்தில்தான். இரண்டு கோலைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். அரை மணி நேரத்தைக் காட்டுவதில்லை. எதுவும் நடக்காததை டி.வி.யில் எப்படிக் காட்டுவது என்பது அவர்கள் நியாயம். எழுத்துக்கு அந்தச் சாக்கு கிடையாது. எழுத்தில் காட்டலாம். வாசலில் கண் வைத்து ராத்திரி முழுக்க விழித்திருப்பவனைப் பற்றி, திருடனே வராவிட்டாலும், நல்ல எழுத்தாளன் பத்துப் பக்கம் எழுதுவான்.

அடுத்த சுற்றில் சட்டன் நாரிச் அணியிடம் 8-0 என்று தோற்றது. இதையும் ஒரு வரியில் எழுதி முடித்துவிடுவார்கள். எட்டு கோல் வாங்கிய டிஃபென்ஸ்காரர்களுக்கும் திங்கட்கிழமை காலை வந்திருக்கும், வேலைக்குப் போயிருப்பார்கள். வேலை செய்யும் இடத்தில் என்ன கிண்டல் கேட்டார்கள் என்பதுதான் எனக்குப் படிக்க வேண்டும். யாரும் எழுதித் தரவில்லை.

'இப்போதுதான் கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, டேக்கிள், ஹெடர், தடுத்த பந்து எல்லாவற்றையும் எண்ணுகிறார்களே' என்று கேட்கலாம். எண்ணுகிறார்கள். 1996-லிருந்து ஆப்டா என்ற நிறுவனம் இதையே வேலையாக வைத்திருக்கிறது. எண்ணினால் புரிந்துவிடுமா? மான்செஸ்டர் யுனைடெட்டில் யாப் ஸ்டாம் என்று மலை மாதிரி ஒரு டச்சு டிஃபெண்டர். 2001-ல் மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் அவரைத் திடீரென்று இத்தாலியின் லாட்சியோ கிளப்புக்கு விற்றுவிட்டார். ஸ்டாம் போடும் டேக்கிள் எண்ணிக்கை குறைந்திருந்ததை வைத்து, ஆள் தளர்ந்துவிட்டார் என்று நினைத்ததும் ஒரு காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. அந்த விற்பனை தப்பு என்று ஃபெர்குசனே பிற்பாடு ஒப்புக்கொண்டார். நல்ல டிஃபெண்டர் டேக்கிள் போடும் நிலைமைக்கே விட மாட்டான். சரியான இடத்தில் நின்றிருந்தால் பந்தே அந்தப் பக்கம் வராது. எண்ணிக்கை குறைவது வயதாலும் இருக்கலாம், ஞானத்தாலும் இருக்கலாம். கட்டத்தில் இரண்டுக்கும் ஒரே நம்பர்.

அதுவும் மேல்மட்டத்தில். கீழ்மட்ட லீகில் நெடுங்காலம் யார் எத்தனை ஆட்டம் ஆடினார்கள் என்பதற்கே, ஒவ்வொரு கிளப்பிலும் ஒரு நோட்டும் பேனாவும் வைத்திருக்கும் ஒரு பெரியவரைத்தான் நம்ப வேண்டியிருந்தது. சம்பளமில்லாமல் இதைச் செய்த அந்தப் பெரியவர்கள் இல்லாவிட்டால் இந்த ஆட்டக்காரர்கள் பிறக்கவே இல்லை என்று சாதித்துவிடலாம்.

இதே கதை இப்போதும் நடக்கிறது. கிறிஸ் ஸ்மாலிங் 2008 வாக்கில் மெய்ட்ஸ்டோன் யுனைடெட்டில், இஸ்த்மியன் லீகில், சென்டர் பேக். அங்கிருந்து ஃபுல்ஹாம். 2010-ல் மான்செஸ்டர் யுனைடெட். அவரைப் பற்றிய கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள், மெய்ட்ஸ்டோனுக்கு ஒரு வாக்கியம், மிஞ்சினால் இரண்டு. 'இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு உயரம்' என்ற ஆச்சரியத்தோடு விஷயம் முடிந்துவிடும். அவரோடு அந்த மெய்ட்ஸ்டோன் டிஃபென்ஸில் பக்கத்தில் நின்றவர் என்ன ஆனார் என்று கேட்கத் தோன்றுவதில்லை.

அப்படியானால் நல்ல மாதிரியே இல்லையா? இரண்டு புத்தகங்கள் சொல்கிறேன். இரண்டும் நம் ஆசாமியைப் பற்றியதல்ல. ஆனால் அவனைப் பற்றி எப்படி எழுத வேண்டும் என்று காட்டுகின்றன.

முதலாவது, ஈமன் டன்ஃபியின் 'ஒன்லி எ கேம்?'. 1976-ல் வந்தது. டன்ஃபி அயர்லாந்துக்காரர். டிஃபெண்டர் அல்ல, நடுக்களம். பகுதிநேரம் அல்ல, முழுநேரம். ஆனால் நட்சத்திரம் அல்ல. இரண்டாவது டிவிஷனில் மில்வால் கிளப்பில் 1973 சீசனில் எழுதிய டைரி. கோடைப் பயிற்சியில் நம்பிக்கையோடு ஆரம்பிக்கிறது. கொஞ்ச நாளில் அணியிலிருந்து தூக்கிவிடுகிறார்கள். அங்கேதான் புத்தகம் உயிர் பெறுகிறது. வெளியே உட்கார்ந்து தன் அணியின் ஆட்டத்தைப் பார்க்கும்போது, தன் அணி தோற்க வேண்டும் என்று மனசு விரும்புவதை டன்ஃபி ஒளிக்காமல் எழுதுகிறார். தோற்றால்தான் தன்னைத் திரும்பக் கூப்பிடுவார்கள். 'அணிதான் முக்கியம், நான் முக்கியமில்லை' என்று எல்லா ஆட்டக்காரரும் மைக் முன்னால் சொல்கிற வசனத்துக்குப் பின்னால் இருக்கிற வயிற்றெரிச்சலை இவ்வளவு பச்சையாக அதற்கு முன் யாரும் எழுதி நான் படித்ததில்லை. சீசன் முடியும் முன்பே டன்ஃபி கிளப்பை விட்டுப் போகிறார், புத்தகமும் முடிகிறது. கோப்பை கிடையாது, கிளைமாக்ஸ் கிடையாது. அதனாலேயே நம்ப முடிகிறது.

இரண்டாவது, காரி இம்லாக் தன் அப்பாவைப் பற்றி எழுதியது. 2005-ல் வந்து, இங்கிலாந்தில் விளையாட்டுப் புத்தகங்களுக்கான பெரிய பரிசான வில்லியம் ஹில் விருதை அந்த வருஷம் வாங்கியது. அப்பா ஸ்டூவர்ட் இம்லாக் ஸ்காட்லாந்துக்காரர், விங்கர், தச்சு வேலை தெரிந்தவர். 1959-ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் எஃப்.ஏ. கோப்பை ஜெயித்தபோது ஆடியவர். 1958 உலகக் கோப்பையில் ஸ்காட்லாந்துக்கு ஆடியவர். ஆனால் நாட்டுக்காக ஆடினால் தரும் 'கேப்' என்ற குல்லா அவருக்குத் தரப்படவில்லை. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய பக்கத்து வீட்டுக்காரர்களோடு ஆடினால்தான் குல்லா என்பது அப்போது அவர்கள் வழக்கம். உலகக் கோப்பையில் ஆடினால் கிடையாது! அப்பா 2001-ல் இறந்தபின், அவர் உயிரோடு இருக்கும்போது கேட்க மறந்த கேள்விகளை எல்லாம் மகன் பழைய காகிதங்களிடமும் பழைய நண்பர்களிடமும் கேட்டுக்கொண்டு அலைகிறார். கோல் கணக்கு கொஞ்சம்தான் வருகிறது. சம்பளச் சீட்டு, கிளப்புக்கு எழுதிய கடிதம், கிளப் கொடுத்த வாடகை வீடு, கோடையில் தச்சு வேலை, இவைதான் புத்தகம். புத்தகம் வந்தபின் 2006-ல் ஸ்காட்லாந்துச் சங்கம் அந்தக் குல்லாவைக் குடும்பத்திடம் கொடுத்தது. ஒரு புத்தகம் கட்டத்தில் விடுபட்டதை நிரப்பவைத்த அபூர்வ சம்பவம்.

இந்த இரண்டையும் படித்தபின் விளையாட்டுப் புத்தகத்துக்கு நான் ஒரு எளிய பரீட்சை வைத்திருக்கிறேன். அதில் திங்கட்கிழமை இருக்கிறதா? சனிக்கிழமை எல்லோரிடமும் இருக்கும். கீழ்மட்டத்து டிஃபெண்டருக்கு நிஜமான ஆட்டம் திங்கட்கிழமைதான். சனிக்கிழமை கணுக்காலில் ஒரு உதை வாங்கினால் முழுநேர ஆட்டக்காரனுக்குக் கிளப் டாக்டர், ஐஸ் கட்டி, சம்பளத்தோடு ஓய்வு. இவனுக்குத் திங்கட்கிழமை ஏணி ஏற வேண்டும். ஏற முடியாவிட்டால் அன்றைய கூலி கிடையாது. ஒவ்வொரு தடவை காலை நீட்டும்போதும் அவன் பணயம் வைப்பது சனிக்கிழமைப் பணத்தை மட்டுமல்ல, வாரத்தின் மிச்ச நாட்களையும். இது தெரிந்தும் காலை நீட்டுகிறான். ஏன்? காசுக்காக என்றால் கணக்கு உதைக்கிறது. புகழுக்காக என்றால் பார்க்க வந்திருப்பது முந்நூறு பேர். இந்த 'ஏன்' யாராவது உட்கார்ந்து எழுத வேண்டிய விஷயம். கொத்தனார் கோல் போட்டார் என்ற சிலேடைக்குள் அது அடங்காது.

பியர்ஸ் போனபின் வீல்ட்ஸ்டோன் என்ன ஆனது என்பதையும் அவர் கதையைச் சொல்கிறவர்கள் சொல்வதில்லை. 1984-85 சீசனில் அந்த அணி தன் லீகையும், கீழ்மட்ட அணிகளுக்கான எஃப்.ஏ. டிராஃபியையும் சேர்த்து ஜெயித்தது. ஒரே சீசனில் இரண்டும் ஜெயித்த முதல் அணி. அணியில் சித்தாள் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு முரட்டு இளைஞன் இருந்தான். வின்னி ஜோன்ஸ் என்று பேர், பிற்பாடு கால்பந்திலும் ஹாலிவுட்டிலும் அடிதடிக்குப் பிரபலமானவர். சாம்பியன் ஆனார்களே, மேல் டிவிஷனுக்குப் போனார்களா? போகவில்லை. லீகில் ஜெயித்தால் தானாக மேலே போகலாம் என்ற விதியே 1987-ல்தான் வந்தது. அதுவரை மேலே இருக்கும் கிளப்புகள் ஓட்டுப் போட்டு உள்ளே விட வேண்டும். உள்ளே இருப்பவர்களே வாசலில் நின்று, வெளியே இருப்பவரை விடலாமா என்று ஓட்டெடுத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பியர்ஸ் ஐந்து வருஷம் அடி வாங்கிய லோயர் மீட் மைதானம் 1991-ல் கைவிட்டுப் போனது. அங்கே டெஸ்கோ சூப்பர் மார்க்கெட் கட்டினார்கள். கிளப் பல வருஷம் அடுத்தவர் மைதானங்களில் வாடகைக்கு ஆடியது.

பியர்ஸ் 2016-ல், ஐம்பது வயதைத் தாண்டியபின், திரும்பவும் ஒரு கீழ்மட்ட அணிக்குக் கையெழுத்துப் போட்டார். குளோஸ்டர் பக்கத்து லாங்ஃபோர்ட் என்ற அணி. அந்த சீசனில் ஆடின லீக் ஆட்டம் எல்லாம் தோற்று, நூற்றுக்கு மேல் கோல் வாங்கிய அணி. இந்த முறை கேமராக்கள் வந்தன. ஏனென்றால் ஏற்பாடு செய்தது ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி, விளம்பரத்துக்காக. பியர்ஸ் ஆடினார், எல்லோரும் படம் எடுத்தார்கள். அவரோடு ஆடினவர்களில் ஒருவர் பேரையாவது எந்தச் செய்தியிலாவது ஞாபகம் வைத்துக்கொள்கிற மாதிரி எழுதியிருந்தார்களா என்று தேடிப் பார்த்தேன். கட்டம் காலியாகத்தான் இருந்தது.

டன்ஃபியின் புத்தகம் பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். என் பிரதியை இரவல் வாங்கிப் போனவர் இதைப் படித்தால், அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, திருப்பிக் கொடுத்துவிடவும்.